தண்ணீர் ஊற்றின ஊறுகாய்

எங்கள் ஷூ கம்பெனி கேன்டீனில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் என் தோஸ்த்துக்கு வலதுபக்கம் நான்தான். தையல் லைனில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மெஷின். அவள் வீட்டில் விசேஷம் என்றால் மறுநாள் எனக்கும் சேர்த்து பிரியாணி கொண்டுவருவாள். கூடவே கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி எல்லாம் வரும். அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு என் எலுமிச்சை ஊறுகாய்க்குத்தான் கையை நீட்டுவாள்.

திருப்பத்தூர் பக்கத்திலிருந்து ஒருத்தி புதிதாக லைனில் சேர்ந்தாள். சின்ன வயசு, எப்போதும் சிரித்த முகம். அதுவே எனக்கு ஆகவில்லை. வந்த வாரமே ஒரு கண்ணாடி பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கேரட், வெள்ளரிக்காய், காலிஃப்ளவர், முள்ளங்கி, கீறின பச்சைமிளகாய், எல்லாம் வினிகரில் மிதந்தன. எண்ணெய் கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது. இதற்குப் பேர் ஊறுகாயாம். ராத்திரி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் ரெடியாம். என் எலுமிச்சை மாசக்கணக்கில் வெயிலில் கிடந்து ஊறுகிறது, அதற்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

தோஸ்த் ஒரு கேரட்டை நறுக்கென்று கடித்தாள். இன்னொன்று எடுத்தாள். அப்புறம் பாட்டிலையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பிரியாணிக்கு இதான்டி சரி" என்று அவளைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை. நான் என் டப்பாவை அவள் தட்டுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தேன். பொறாமைதான், வேறென்ன.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தோஸ்த்தின் இடதுபக்கம். என் ஊறுகாய் டப்பா திறந்தபடி கிடக்கும், சீந்த ஆள் இருக்காது. வேலை நேரத்தில் இரண்டு பேரும் கண்ணாலேயே என்னவோ பேசிச் சிரிப்பார்கள். நான் பார்க்காத மாதிரியே தைப்பேன். நூல் அறுந்துபோகும், சூப்பர்வைசரிடம் திட்டு விழும்.

அந்த வினிகர் எழவை நானும் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. பையன் ஆசைப்படுகிறான் என்று ஒரு பொய்யைச் சொல்லி அந்தப் பெண்ணிடமே செய்முறை கேட்டேன். "ஈஸிக்கா. வினிகர் பாதி, தண்ணி பாதி. உப்பும் சக்கரையும் போட்டு ஒரு கொதி விடுங்க. காய் மேல ஊத்தி, ஆறினதும் ஃபிரிட்ஜ்ல வெச்சிடுங்க" என்றாள்.

தண்ணியா? ஊறுகாயிலா? ஈரக்கரண்டி பட்டாலே பூஞ்சணம் பூக்கும் என்று ஜாடியை வீட்டில் ஒருத்தரையும் தொடவிடாதவள் நான். இவள் பாதிக்குப் பாதி ஊற்றச் சொல்கிறாள். வேண்டுமென்றேதான் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். என்னுடையது கெட்டுப்போக வேண்டும், தோஸ்த் முன்னால் நான் அசடு வழிய வேண்டும். யாரிடம் விளையாடுகிறாய், பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காய்களை நறுக்கி, துடைத்து, மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டேன். எங்கள் ஊர் வெயிலைக் கேட்கவா வேண்டும். சாயங்காலத்துக்குள் கேரட்டெல்லாம் சுண்டிச் சுருங்கிவிட்டது. சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் வெறும் வினிகரைக் காய்ச்சி ஊற்றினேன். சர்க்கரையும் கம்மிதான், ஊறுகாய்க்கு எதற்குச் சர்க்கரை? டேனரியிலிருந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். "தோல் ஷெட்லகூட இந்த நெடி இல்லியே" என்றார். தோல் நாற்றத்திலேயே பிழைக்கிற மனுஷனுக்கு இது பேஜாராம். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் என் பாட்டிலைத் தோஸ்த் முன்னால் நகர்த்தினேன். ஒரு கேரட் எடுத்து வாயில் போட்டாள். நறுக்கென்ற சத்தமே வரவில்லை. மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணும் ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, தண்ணி ஊத்தலியா?" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சமும் கள்ளம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோஸ்த் திட்டட்டும் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் என் சமையலை அவள் ஒருநாளும் வாய்விட்டு நன்றாக இருக்கிறது என்றதில்லை. எலுமிச்சை ஊறுகாயைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டே, "இன்னாடி, உப்பு மூட்டையையே கொட்டிட்டியா" என்பாள். சாம்பாரை முகர்ந்து பார்த்து, "இதைத் துன்னுட்டும் உன் வீட்டுக்காரர் உன்கூட குடித்தனம் பண்றாரே" என்பாள். நானும் சும்மா விடமாட்டேன், பதிலுக்கு நாலு கொடுப்பேன். அன்றைக்கும் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கு" என்று மெதுவாகச் சொல்லி, சம்பந்தி வீட்டாரிடம் சிரிப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் இடதுபக்கம் திரும்பி, அந்தப் பெண்ணின் பாட்டிலிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டைக் கடித்துவிட்டு, அவள் தொடையில் பட்டென்று ஒரு அடி போட்டாள்.

"இன்னாடி இது, இன்னிக்கு உப்பே இல்ல. நெனப்ப எங்கடி வெச்சுக்கினு போட்ட?"