செஞ்சிக்கு வழி தெரியாமல் போனவள்

என் தங்கை மோனிகா ஸ்கூட்டி எடுத்தாலே எனக்குப் பயம். அவள் போய்ச் சின்ன விமானம் ஓட்டும் லைசென்ஸுக்குப் பயிற்சியில் சேர்ந்தாள். பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் செய்யும் எங்கள் நைனா, "ஏன், தரையில எடமில்லையா?" என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியாரோடு பறந்தவரை பரவாயில்லை. பிறகு, தனியாக ஊர் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டிய நாள் வந்தது. வரைபடத்தில் கோடு போட்டு, திசைமுள் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு, அதை விடாமல் போக வேண்டும். அந்தக் கோடு எங்கள் ஊரான செஞ்சிக்குப் பக்கமாகப் போகிறது என்று இவள் வீட்டில் உளறிவிட்டாள்.

"நம்ம ஊட்டு மேல வா. மாடில செவப்புப் பொடவய ஆட்டறேன்" என்றாள் அம்மா. நான் சும்மா இருந்தேனா? தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அன்று காலை எங்கள் மாடியில் நிற்க இடமில்லை.

மேலே நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். தூரத்தில் பாறைக் குன்றுகள் தெரிந்ததும், நம்ம ஊர் மலை நமக்குத் தெரியாதா என்று முள்ளை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள். கிட்டே போனால் செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி இல்லை. அடுத்த குன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்த மலையை மேலிருந்து அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் குன்றுக்கும் ஏரிக்கும் பஞ்சமா? திரும்பித் திரும்பி, எங்கிருந்து வந்தோம் என்பதும் மறந்துபோனது.

வழி தவறினால் உடனே ரேடியோவில் சொல்லிவிட வேண்டும், அதுதான் முதல் பாடம். செஞ்சிக்காரி செஞ்சி எங்கே என்று கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டே சுற்றியிருக்கிறாள். பெட்ரோல் முள் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் வெட்கம் போனது.

"கீழே என்ன தெரியுது?" என்று கேட்டது ரேடியோ.

"பெரிய ஏரி. பக்கத்துல சின்னக் குன்று, மேல பழைய கோயில்."

அது பனமலை என்று ரேடியோவில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. விமானதளத்துக்குத் திரும்பி வரும் திசையைச் சொன்னார்கள். அவள் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் போய் இறங்கினாள்.

இங்கே மாடியில் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபோன் அடித்தபோது எடுக்கவே பயந்தேன்; அம்மாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வழி தெரியாம பூட்டேன்ம்மா" என்றாள் மோனிகா.

"நம்ம ஊருக்கேவா?" என்றாள் அம்மா. பிறகு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே வழியில் தனியாகப் போகச் சொன்னார்கள். "பயமா இருக்குதா?" என்று கேட்டேன். "இருக்குதுண்ணா" என்றாள். அம்மா ஃபோனைப் பிடுங்கினாள்.

"மாடில யாரும் இருக்க மாட்டோம். எங்களத் தேடாத. முள்ளயே பாத்துக்கினு போ."

அன்று நாங்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் விமானச் சத்தம் கேட்டது. நைனா எழுந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தச் சத்தம் நிற்காமல், திரும்பாமல், நேராகப் போய்த் தேயும்வரை கையை விடவில்லை.