அம்மா சொன்ன பெயர்கள்

தினமும் ஒரு நன்றியாவது எழுதலாமென்று ஹட்டனில் வாங்கிவந்த கொப்பியை இன்று காலை திறந்தேன். சமையலறையிலிருந்து ரொட்டி சுடும் வாசனை வந்தது. மனம் நான் வளர்ந்த வட்டகொடைத் தோட்டத்து லய வீட்டுக்குப் போய்விட்டது.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா, ரொட்டி தட்டிக்கொண்டே அன்றைக்கு உதவியவர்களைச் சொல்வார். "சோமாவதி அக்கா கூடையத் தூக்கிவிட்டாங்க. அவங்க நல்லா இருக்கணும்."

பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லையென்று ஒருநாள் காலையில் அம்மாவிடம் கத்தினேன். மாலையிலும் கோபம் தணியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா வழக்கம்போல் ஆரம்பித்தார். "எம் மக அவ்வளவு கோவத்துலயும் ரெண்டு குடம் தண்ணி எடுத்து வச்சிட்டுத்தான் பள்ளிக்கூடம் போச்சு. அது நல்லா இருக்கணும்."

எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூடான ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

அம்மாவுக்காக "நல்லா இருக்கணும்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கொப்பியின் முதல் வரியில் அவர் பெயரை எழுதினேன்.