கலெக்டர் கழுத்தில் விழுந்த மாலை

சுதந்திர தினத்தன்று நான் வழக்கமாகச் செய்வது டிவியில் கொடியேற்றம் பார்த்துவிட்டுத் தூங்குவது. இந்த வருஷம் திருச்சியிலிருந்து தேனி மாவட்டத்து ராயப்பன்பட்டிக்குப் போனேன். கல்லூரித் தோழி ஜெசிந்தா அங்கே வரலாற்று டீச்சர். போன மாதம் கூப்பிட்டாள். "வெள்ளைக்காரன நம்ம சனம் ஏன் எதுத்துச்சுன்னு ஒரு நாடகம் எழுதியிருக்கேன்டி மீனா. வந்து கூட்டத்துல உக்காந்து, சனத்துக்குக் கோவம் வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அவளுக்கு அது சாதாரண நாடகம் இல்லை. வருஷா வருஷம் ஊர்ச் சுதந்திர தின மேடையில் மெல்லிசைக் கச்சேரிதான். விழாக் குழுத் தலைவர் சவரிமுத்து ஐயாவிடம் நடையாய் நடந்து அரை மணி நேரம் வாங்கியிருந்தாள். இது படுத்தால் இனி மேடைப் பக்கமே வரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

பதினான்காம் தேதி காலை மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். தேனிக்கு எழுபது ரூபாய், இரண்டு மணி நேரம். ரயிலும் இருக்கிறது, டிக்கெட் இன்னும் மலிவு. ஆனால் நேரம் தோதுப்படவில்லை. தேனியில் சாப்பிட்டுவிட்டு உத்தமபாளையம் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். சின்னமனூர் வந்ததும் காற்றே மாறிவிட்டது. ஒரு பக்கம் வயலில் தண்ணீர் நிற்க, மறு பக்கம் மேகமலை தலையில் மேகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெக்கையில் வெந்து வந்தவளுக்கு அழுகை வராத குறை. ஆகஸ்டில் போங்கள், நான் சொல்வதை நம்பிப் போங்கள்.

உத்தமபாளையத்திலிருந்து ஆட்டோ, இருநூறு ரூபாய். ஓட்டியவர் இப்ராஹிம் பாய். கண்ணாடிக்கு மேல் ஒரு பக்கம் மக்கா படம், இன்னொரு பக்கம் கோட்டும் முறுக்கு மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் படம். யாரென்று கேட்டேன்.

"பெரியாறு அணையக் கட்டுன எஞ்சினியரு. அவுக இல்லேன்னா இங்கன நெல்லு ஏது, தெராச்ச ஏது? நெல்லு இல்லேன்னா எனக்குச் சவாரி ஏது?" என்றார். வழியில் டீக்கடையிலும் உரக்கடையிலும் அதே படத்தைப் பார்த்தேன். நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, மறுநாள் என்ன நடக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பதினைந்தாம் தேதி மாதா திருநாளும் கூட. காலையில் பூசை, கொடியேற்றம், மதியம் ஜெசிந்தா வீட்டில் ஆட்டுக்கறி. மாலையில் கோயில் மைதானத்தில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்துவிட்டது. நாடகத்தில் வரி வசூலிக்கும் வெள்ளைக்காரக் கலெக்டராக நடித்தவர் கம்பத்துத் திராட்சை வியாபாரி காஜா மைதீன். ஆள் நல்ல சிவப்பு, அதனால் அந்த வேஷம். அவரை எதிர்த்துப் பேசும் விவசாயி, வாழை போட்டிருக்கும் சகாயராணி அக்கா.

காஜா மைதீன் மேடையேறியதும் ஜெசிந்தா என் கையை இறுக்கினாள். "என்னடி மீசை இது?" ஒப்பனை போட்ட சலூன்காரருக்குத் தெரிந்த வெள்ளைக்கார முகம் ஒன்றே ஒன்றுதான். கடைச் சுவரில் இருந்த அணை எஞ்சினியர் படத்தைப் பார்த்து அப்படியே முறுக்கி ஒட்டிவிட்டார்.

முன்வரிசை எழுந்து நின்றது. பின்னால் கைதட்டல். ஓர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். சவரிமுத்து ஐயா இருக்கிறாரே, அவர் சிறப்பு விருந்தினருக்காக வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு நேரே மேடையேறி, கொடுங்கோல் கலெக்டர் கழுத்தில் போட்டுவிட்டு இறங்கினார். காஜா மைதீனும் பழக்க தோஷத்தில் "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. திரும்பிப் பார்த்தால் ஜெசிந்தா கண்ணில் தண்ணீர் நிற்கிறது. சிரிப்பை விழுங்கிவிட்டேன்.

காஜா மைதீன் ஒருவழியாக வசனத்தைப் பிடித்தார். "பஞ்சமானாலும் வரி வரிதான். கட்டாதவன் நிலம் ஏலத்துக்கு வரும்."

"அவுக அப்படியெல்லாம் சொல்ல மாட்டாக" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பலரும் ஆமாம் போட்டார்கள். நாடகம் அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சகாயராணி அக்கா, ஜெசிந்தா எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசவில்லை. கலெக்டர் முன்னால் வந்து நின்று, "ஐயா, அணை கட்டுனவுக நீங்களா?" என்று கேட்டார்.

காஜா மைதீன் முழித்தார். "இல்லம்மா. நான் வரி வாங்க வந்தவன்."

"அப்ப இந்த மாலை உங்களுக்கில்ல. தண்ணி கொண்டாந்தவுகளுக்குப் போட்டது. நாங்க சாகுற வரைக்கும் அவுகளக் கும்புடுவோம். ஆனா எங்க மண்ணுக்கு வரி போடையில, எங்க நெலத்த ஏலம் விடையில, எங்கள ஒரு வார்த்த கேட்டீகளா?"

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நம்மளக் கேட்டாகளா?"

"கேக்கல" என்றார் சவரிமுத்து ஐயா. பிறகு ஊரே சொன்னது. அவர் மறுபடியும் மேடையேறி, தான் போட்ட மாலையைத் தானே கழற்றிக்கொண்டு இறங்கினார். கலெக்டர் வெறுங்கழுத்தோடு நின்றார். ஜெசிந்தா கேட்ட கோபம் அப்போதுதான் வந்தது. அவளிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உப்பு, வரி, பஞ்சம் என்று பாடப் புத்தகத்தில் காரணங்களைப் படித்திருக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் இவ்வளவு நல்லது செய்தோமே, பிறகும் ஏன் எதிர்க்கிறீர்கள் என்று நம்மை ஆண்டவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்ததில்லை. செய்த மனிதருக்கு நன்றி சொல்லலாம். அதற்காக நம் வீட்டில் நம்மைக் கேட்காமல் முடிவெடுக்க யாருக்கும் உரிமை வந்துவிடாது. அந்த அக்காவுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது சவரிமுத்து ஐயா வந்தார். கையில் ஈரத்துணி சுற்றிய மாலை. ஜெசிந்தாவிடம், "அடுத்த வருசம் ஒரு மணி நேரம் எடுத்துக்கம்மா" என்றார். என்னிடம், "லோயர் கேம்ப் போறதாச் சொன்னாக. அவுகளுக்குப் போட்டது, அவுககிட்டயே சேத்துருங்க" என்று மாலையை நீட்டினார்.

லோயர் கேம்பில் எஞ்சினியருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ராயப்பன்பட்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இப்ராஹிம் பாய் ஆட்டோவில் போய்வரத் தொள்ளாயிரம் ரூபாய் பேசினோம்; பஸ்ஸில் போனால் கம்பத்தில் மாற வேண்டும், செலவு நூறைத் தாண்டாது. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். திரும்பும் வழியில் தோட்டத்திலேயே பன்னீர் திராட்சை வாங்கலாம். அடியில் இருப்பதையும் பார்த்து வாங்குங்கள்.

மண்டபத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சிலையின் கழுத்து எனக்கு எட்டவில்லை. இப்ராஹிம் பாய் காவலாளியிடம் சொல்லி ஒரு ஸ்டூல் வாங்கி வந்து ஏறினார். ராத்திரி முழுக்க ஈரத்தில் இருந்ததால் ரோஜா வாடவே இல்லை. போட்டு, மடிப்பைச் சரிசெய்து, இறங்கி நின்று பார்த்தார்.

"இப்பத்தான் ஆளு மாறாம விழுந்திருக்கு" என்றார்.