மாப்பிள்ளைக் காரும் நான்கு நட்டுகளும்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எங்கள் வீடு காட்டூரில். நான் திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். தங்கைக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் என்று முடிவானதும், மாப்பிள்ளை அழைப்புக்கு ஊரே வாயைப் பிளக்கும்படி ஒரு கார் கொண்டுவருகிறேன் பார் என்று வீட்டில் சவால் விட்டுவிட்டேன்.

அந்தக் கார் ஜீயபுரத்தில் ஒரு வாழைத் தோட்டக்காரரின் கொட்டகையில் கிடந்தது. மேல்கூரை மடங்கும் அமெரிக்க வண்டி, எட்டு சிலிண்டர். இஞ்சினைக் கிளப்பினால் கொட்டகைத் தகரமெல்லாம் அதிரும். ஆனால் பின்பக்கம் மட்டும் எருமை படுத்த மாதிரி தரையோடு உட்கார்ந்திருந்தது.

"வாடகையெல்லாம் வேண்டாங்க. எழுப்பி நிறுத்திட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் தோட்டக்காரர்.

நானும் என்னோடு வேலை பார்த்த நண்பனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்விடுவோம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றினால் ஒன்று விரிசல், மற்றதெல்லாம் துரு. லாரிப் பட்டறையில் கொடுத்துப் புதுப் பட்டை சேர்த்து வளைவு ஏற்றினோம். ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றினோம். பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டிப்பிடிப்பது யூ-போல்ட்; பக்கத்துக்கு நான்கு நட்டு. பட்டறைக்காரர் அப்போதே சொன்னார், "லோடு ஏத்தி ஓட்டினதும் அந்த நட்டையெல்லாம் இன்னொரு தடவை முறுக்கிடுங்க சார்." நாள் முழுக்க நட்டு முறுக்குகிற எனக்கே பாடமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வாழைத்தார்களை அடுக்கி ஆற்றங்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அடடா! படுத்த வண்டி நிமிர்ந்து நின்றது மட்டுமா, பள்ளம் மேடெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. நண்பன் தாரிலிருந்து ஒரு காயைப் பிய்த்து எனக்குப் பதக்கம் கொடுப்பது போல நீட்டினான். அந்தக் குஷியில் நட்டாவது போல்டாவது!

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் பட்டு வேட்டி கட்டி நானே ஓட்டினேன். மாப்பிள்ளை பின்சீட்டில். தெருவுக்குத் தெரு பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள், பன்னிரண்டு பேராவது இருக்கும். வாழைத்தார் வைத்த இடத்தில் கிடக்கும். பிள்ளைகள் கிடப்பார்களா? மேளத்துக்குக் குதித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபத்துக்குப் போகும் முன் காவிரிப் பாலத்தில் ஒரு விரட்டு விரட்டிக் காட்டுகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியும் விட்டேன்.

ஒரு தெருமுனையில் தவில்காரர் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினார். கிட்டே வந்து குனிந்தார்.

"சார், நாயனம் தனியா வாசிக்கிறப்ப உங்க வண்டி பின்னாடி டக்கு டக்குன்னு கேக்குது. மூணு தெருவா கேக்கறேன். இறங்கிப் பாத்துடுங்க."

எரிச்சலோடுதான் இறங்கினேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேட்டியோடு அடியில் புகுந்தேன். இடது பக்க நட்டுகளில் ஒன்றைக் காணோம். மீதி மூன்றும் விரலுக்கே சுழன்றன. அச்சு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. இந்த வண்டியைத்தான் பாலத்தில் விரட்ட இருந்தேன்.

டிக்கியில் பூக்கூடை வைக்க, ஸ்பானர்களை நானே வீட்டில் இறக்கிவைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற லாரியில் ஸ்பானரும் கடப்பாரையும் ஒரு நட்டும் வாங்கிவர நண்பன் ஓடினான். கூட்டம் என்ன, ஏது என்று எட்டிப் பார்ப்பதற்குள் தவில்காரர் அங்கேயே தனி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். முனைக்கு முனை நின்று வாசிப்பது வழக்கம்தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேலே மாப்பிள்ளை தலையாட்டி ரசிக்கிறார். கீழே நான் கடப்பாரையால் அச்சை நெம்பி, நட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறேன். எட்டு நட்டையும் இறுக்கி நான் வெளியே வரவும் தவில் முடியவும் சரியாக இருந்தது. தெருவே கைதட்டியது.

பாலத்துக்குப் போகவில்லை. நேரே மண்டபத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன். அங்கே தவில்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசி நட்டு இறுகிற வரைக்கும் கண்ணு உங்க காலு மேலதான் சார். நீங்க வெளியில வந்தப்புறம்தான் தீர்மானம் வச்சு வாசிப்பை முடிச்சேன்" என்றார். அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

தன் மாப்பிள்ளை அழைப்புக்குத் தெருமுனையில் அரைமணி நேரம் தனித்தவில் நடந்ததாகத் தங்கை இன்றும் எல்லோரிடமும் பெருமை அடிப்பாள். அது ஏன் நடந்தது என்று இதைப் படித்துத்தான் அவளுக்கே தெரியப்போகிறது. எனக்கோ, வேலை தெரியாதவர் என்று நான் நினைக்கிற யாராவது "ஏதோ சத்தம் கேக்குது" என்றால், அந்த நிமிஷமே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிற பழக்கம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை.