பூங்கொடி எழுதாமல் விட்ட எபிசோடு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பூங்கொடி போய்விட்டாள் என்று போன் வந்தபோது நான் அருப்புக்கோட்டையில் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கத்துக்குக் காத்திருக்கிற நிதானம் யாருக்கு வரும்? அப்படியே எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு பாலவனத்தம் போய்விட்டேன். அன்றைக்கு எடுத்த போட்டோக்களில் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்த மீசையோடு அழுதுகொண்டு நிற்பது நான்தான். அவள் மட்டும் அதைப் பார்த்திருந்தால் அதை வைத்தே இரண்டு எபிசோடு எழுதியிருப்பாள்.

காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டாள். சாகிற வயசில்லை.

“மாடி ஆபீஸ்” தொடரை எழுதியவள் என்று உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். எனக்கு அவள் கொழுந்தியாள். என் வீட்டுக்காரியின் தங்கை. நான் அருப்புக்கோட்டையில் மெத்தைக் கடை வைத்திருப்பவன். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. அந்தத் தொடரில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தாடியை நீவிக்கொண்டு, வாய்க்கு வாய் இங்கிலீசு பேசுகிற முதலாளியாக நடித்தவன் நான்தான். நம்பாதவர்கள் கடைக்கு வரலாம். வருகிறவர்கள் ஒரு தலையணையாவது வாங்காமல் போகக் கூடாது.

பூங்கொடி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். போனில் பார்க்கிற வேடிக்கை வீடியோக்கள் எடுக்கிற கம்பெனி. அதன் முதலாளி பெயரை இங்கே எழுத மாட்டேன். தன் பெயர் நாலு இடத்தில் வருவதுதான் அவருக்குப் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் நான் ஏன் மண் அள்ளிப் போடாமல் இருக்க வேண்டும்?

அவள் அங்கே இருந்தபோது என் மாமனார் இறந்தார். என் அத்தை, அதாவது பூங்கொடியின் அம்மா முத்தம்மாள், ஒப்பாரி வைத்தால் எதிரியும் அழுவான். மல்லாங்கிணறிலிருந்து நரிக்குடி வரைக்கும் சொந்தத்தில் எங்கே சாவு விழுந்தாலும் “முத்தம்மா வந்துட்டாகளா?” என்றுதான் கேட்பார்கள். புருசனுக்கு அவர் வைத்த ஒப்பாரியைப் பூங்கொடி போனில் பிடித்து வைத்துக்கொண்டாள். பிற்பாடு கேட்பதற்கு. அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்திருக்கிறாள். முதலாளி எடுத்துக்கொண்டார். அத்தை மாரில் அடித்து அழுவதற்கு ஆட்டம் போடுகிற மேளத்தைச் சேர்த்து, நடுநடுவே சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்து, ‘திங்கக்கிழமை ஆபீஸ் போகும்போது நான்’ என்று தலைப்புப் போட்டு விட்டுவிட்டார். ஊரே பார்த்தது.

பூங்கொடி போய்க் கேட்டிருக்கிறாள். “சில் பண்ணுங்க பூ, உங்கம்மா இப்ப எவ்ளோ ஃபேமஸ் தெரியுமா?” என்றாராம்.

அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. ஒருநாள் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போது முன் சீட்டில் நாலு பேர் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கிறார்கள். தன் குரல் கேட்கிறதே என்று அத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மிச்சத் தூரத்தை வெயிலில் நடந்தே வந்தார். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு பஸ் ஏறவில்லை. எந்தச் சாவு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. போவார், உட்காருவார், மாரில் அடித்துக்கொள்வார், எழுந்து வருவார். பூங்கொடிக்கு அந்த மௌனம்தான் தண்டனை.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். என் கடையில் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து மூச்சு விடாமல் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “அத்தான், இந்த மாதிரி மூட்டை மேலதான் அங்கயும் உக்காந்திருக்கோம். சேர் கெடையாது. அதுக்கு ‘பீன் பேக்’னு பேரு வச்சு ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்குறாக” என்றாள்.

“மூட்டைக்கா?”

“மூட்டைக்குத்தான்.”

“அடிப்பாவி, நான் இத்தன வருசமா மெத்தையா தைச்சு நாசமாப் போயிட்டனே!”

அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் “மாடி ஆபீஸ்” வந்தது. வெளியூர்க்காரர்கள் அதைச் சென்னையில் எடுத்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் பருத்தி மில்லின் மாடியில் எடுத்தது. அந்த மூட்டைகள் எல்லாம் என் கழிவுப் பஞ்சு. முதலில் உள்ளூர் கேபிளில் வந்தது. பிறகு ஒரு பெரிய டிவிக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

என்னை முதலாளியாக நடிக்கச் சொன்னபோது, “எனக்கு ஏபிசிடியே முழுசா வராதே தாயி” என்றேன்.

“முழுசா வந்தா இந்த வேசத்துக்கு ஆக மாட்டீக.”

முதல் நாள் ஒரு தாளைப் பார்த்து, “இந்த ‘நேரேட்டிவ்’னா என்ன?” என்று கேட்டேன்.

“தெரியாது அத்தான். அங்க இருந்த காலம் பூரா கேட்டேன், ஒருத்தரும் சொல்லலை. அர்த்தம் தெரியாமச் சொல்லுங்க. அவுகளும் அப்படித்தான் சொல்றாக.”

அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே நடிப்புப் பாடம்.

திருச்சுழிப் பக்கம் வறட்சியைப் படம் எடுக்க முதலாளி வருகிற எபிசோடு உங்களுக்கு நினைவிருக்கும். அவர் வந்த அன்றைக்கு மழை கொட்டி, காடெல்லாம் தண்ணீர் நிற்கும். “இதைக் கொஞ்சம் காயவைக்க முடியுமா ப்ரோ?” என்று அங்கே உழுது பிழைக்கிற சம்சாரியிடம் கேட்பார். “வைகாசி வரைக்கும் இருங்க, அதுவாக் காஞ்சிரும்” என்பார் சம்சாரி. அது கற்பனை இல்லை. காயவைக்கச் சொல்லிக் கேட்ட ஆள் உயிரோடு இருக்கிறார். அந்தத் தொடரில் எனக்குத் தெரிந்து கற்பனை என்று எதுவுமே இல்லை. முதலாளி தாடியை நீவுவதுகூட அவள் நடித்துக் காட்டி, “இன்னும் மெதுவா, கன்னுக்குட்டிய தடவுற மாதிரி” என்று சொல்லிக்கொடுத்தது.

பூங்கொடி நல்லவள் என்று இந்தச் சமயத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள். நான் எழுத மாட்டேன். அவள் வன்மம் பிடித்தவள். வன்மத்தைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல் தினம் ஊற்றி வளர்த்தவள். “மறந்துரு தாயி, போனாப் போகுது” என்று நான் ஒருதரம் சொன்னதற்கு, “மறதி வந்தா டாக்டர்கிட்டப் போவேன். மன்னிக்கிற புத்தி வந்தாலும் டாக்டர்கிட்டத்தான் போவேன்” என்றாள். எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

ஆனால் அந்த ஒப்பாரிக் கதையை மட்டும் அவள் எழுதவே இல்லை. இத்தனை எபிசோடு எழுதியவள், எல்லாவற்றுக்கும் மூலமான அந்த ஒன்றைத் தொடவில்லை. கேட்டேன்.

“எழுதுனா எங்கம்மாவ ரெண்டாந்தரம் வித்தவ நானாயிருவேன் அத்தான்” என்றாள். அப்புறம், “எங்கம்மா ஒருக்கா வாயத் தொறந்துட்டா போதும். எனக்கு வேற பழி வாங்க வேண்டாம்” என்றாள்.

அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அது நடக்காமலே போய்விட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பெற்ற மகளுக்குக்கூட ஒப்பாரி வரவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்து ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா அழுகாட்டி அவுகளும் போயிருவாக” என்றாள்.

மதியத்துக்கு மேல் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. கறுப்புச் சட்டை, தாடி, கையில் பெரிய மாலை. கூடக் கேமராவோடு ஒருத்தர். காலையிலேயே அந்தச் சென்னை முதலாளி போனில் எழுதிவிட்டதை உறவுக்காரர்கள் காட்டியிருந்தார்கள்: பூங்கொடி அவர் கண்டெடுத்த வைரமாம்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்தார். “சார், நீங்கதானே அந்த பாஸ்! எங்க ஆபீஸ்ல எல்லாரும் உங்க ஷோ பார்ப்போம் சார். செம. அந்த மாதிரி ஆளுங்க எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.”

அந்தத் தாடி, அந்தச் சட்டை, அந்தச் ‘சில் பண்ணுங்க’, எல்லாம் அவரிடமிருந்து எடுத்தது. மனிதர் வாராவாரம் தன்னையே பார்த்துச் சிரித்துவிட்டு, யாரோ என்று நினைத்திருக்கிறார்! பூங்கொடி வருசக்கணக்காக எறிந்த கல்லில் ஒன்றுகூட அவர் மேல் விழவில்லை.

அதுவரை அவரைச் சும்மா விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், சாவு வீடு என்று. அந்த ‘செம’வுக்குப் பிறகு விட மனசில்லை. நேரே அத்தை பக்கத்தில் குனிந்து, “அத்தை, பஸ்ஸுல கேட்டீகளே, அதுக்கு மேளம் சேத்தது இவருதான்” என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். கேமராவையும் பார்த்தார். உறவுக்காரர் ஒருத்தர் எழுந்து கேமராவை அணைக்கச் சொல்லப் போனார்.

“அணைக்காத. எடுக்கட்டும்” என்றார் அத்தை. பிறகு வாயைத் திறந்தார்.

“எம்புருசன் போன அன்னைக்கு
ஏங்கி நான் அழுத சொல்ல
எடுத்துப் போயி வித்தவனே!
எம்மகளும் போன அன்னைக்கு
இன்னும் சரக்கு வேணுமின்னு
ஏறி இங்க வந்தியோடா!

மேளம் வச்சுச் சிரிச்ச மவராசா,
மாலையோட நிக்கிறியே!
மாலை வாங்க எம்மக இல்ல,
மானம் ரோசம் ஒனக்குமில்ல!”

பெண்கள் அத்தனை பேரும் அத்தையோடு சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் நான் கேட்டதை எழுதினால் அச்சடிக்க மாட்டீர்கள். அவர் மாலையை நீட்டினார். சாவு வீட்டில் மாலையை வாங்கிப் போட ஓர் ஆள் நிற்பது வழக்கம். நின்ற ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கனத்த மாலையைச் சுமந்துகொண்டு முதலாளி கிளம்பும் வரைக்கும் நின்றார். கேமரா வைத்திருந்தவர் யாரும் சொல்லாமலே அதைக் கீழே இறக்கிவிட்டார்.

அத்தை மகளுக்காக அழ ஆரம்பித்தது அதன் பிறகுதான். பொழுது சாய எடுக்கும் வரைக்கும் நிறுத்தவில்லை.

முதலாளி நடுவிலேயே கிளம்பினார். போகிற பதற்றத்தில், “போயிட்டு வர்றேம்மா” என்றார். எங்கள் பக்கம் கேதத்துக்கு வந்தவர்கள் சொல்லாமல்தான் போக வேண்டும்; மறுபடி வருவேன் என்றால் மறுபடி சாவு விழ வேண்டும் என்று அர்த்தம்.

அத்தை திரும்பிப் பார்த்து, “வா. வந்துதான் பாரேன்” என்றார்.

முந்தின நாள் மழை. கார் நின்ற இடம் கரிசல். சக்கரம் இறங்கிவிட்டது. டிராக்டர் கிடைக்குமா என்று என்னிடமே வந்து கேட்டார். கேதத்தில் உட்கார்ந்தவர்கள் பதினாறு கழியும் வரை டிராக்டரைத் தொட மாட்டார்கள், அது எங்கள் ஊர் வழக்கம் என்றேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. எவ்வளவு தூரம் நடந்தார் என்று தெரியாது, போனவர் போனவர்தான். மறுநாள் ஆள் அனுப்பிக் காரை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எடுத்த படம் இதுவரை வெளியே வரவில்லை. வரட்டும் என்றுதான் நாங்களும் காத்திருக்கிறோம்.

பூங்கொடியை அறிந்தவர்களே, அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: கோபம் ஆறாமல் சிரிக்கிற வித்தை. இப்போது அத்தை சாவு வீடுகளில் பாடுகிறார். போன மாதம் நரிக்குடிக்குப் பஸ்ஸில் போய் வந்தார். “பூங்கொடி, உன் பழி வந்து சேந்துருச்சு தாயி” என்று அவள் படத்துக்கு முன்னால் சொன்னேன்.

பொருளாகவும் ஒன்று வைத்திருந்தேன். நடிக்கும்போது நான் ஒட்டிக்கொண்ட ஒட்டுத்தாடி. கடையில் பஞ்சு மேல் வைத்திருந்தேன். போன வாரத்திலிருந்து காணவில்லை. அது காணாமல் போன அன்றைக்கு அந்தப் பஞ்சை அடைத்துத்தான் மல்லாங்கிணறு கல்யாண வீட்டுக்கு ஓர் இரட்டை மெத்தை தைத்துக் கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டில் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.