சொந்த விருப்பத்தின் பேரில்

மேசை மேல் விரித்து வைத்திருந்த ஒரு கடிதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தோட்ட அலுவலகத்தின் முத்திரையோடு மலாய் மொழியில் அச்சான ஒற்றைப் பக்கக் கடிதம். அதன் கடைசிப் பத்தியை யாரோ நீல மையில் அழுத்தி வட்டமிட்டதில் தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அப்போது நான் மலைநகரமான பிரிஞ்சாங்கில் ஒரு மாடிக் கடையில் கணினி பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து கிராணியம்மா அவசரமாக வரச் சொல்லியிருந்தார். திரையோ பிரிண்டரோ கெட்டிருக்கும் என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவர் பையோடு போய் நின்றேன். அவர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "இந்தக் கடைசிப் பத்திய மூணு தடவ மாத்திட்டேன். மறுநாள் காலையில பாத்தா திரும்பவும் இதுவே வந்து நிக்குது. எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுக் குடும்மா" என்றார்.

கிராணியம்மாவின் பெற்றோர் இருவரும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்கள். தலைமை எழுத்தர் நாற்காலியில் அதுவரை ஆண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தரைத் தோட்டத்தில் கிராணி என்பார்கள். இவர் அதில் அமர்ந்தபோது 'கிராணியம்மா' என்று சிலர் கேலியாகக் கூப்பிட்டார்கள். கேலி போய்ப் பெயர் நின்றுவிட்டது. விடுப்பு, தண்ணீர்க் குழாய் ரிப்பேர், பணி ஓய்வு என்று ஒரே மாதிரியான கடிதங்களைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்ததால், அடிக்கடி வரும் பத்திகளை அவர் கணினியில் சேமித்து வைத்திருந்தார். இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் முழுப் பத்தியும் வந்து விழும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'ரெடிமேட்'. முன்பெல்லாம் ஒரு கடிதத்துக்காக இரண்டு வாரம் அலைந்த தொழிலாளர்கள் அவர் காலத்தில் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ரெடிமேட்டில்தான் வினை வந்தது. அந்த மாதம் ஆறு பேர் ஓய்வு பெற்றார்கள். ஆறு பேருக்கும் வழக்கம்போல் கடிதம் போனது. மூன்றாம் நாள், தொழிற்சாலையில் தேயிலை வாட்டும் பிரிவில் முப்பது வருடம் உழைத்த ஒருவர் கடிதத்தோடு வந்து நின்றார். மலாய் வாசிக்கத் தெரிந்தவர். வட்டம் போட்டது அவர்தான். "நானே சொந்த விருப்பத்துல, முப்பது நாள்ல வீட்டக் காலி பண்றேன், வேற வீடு கேக்க மாட்டேன்னு எழுதியிருக்கும்மா. நான் எப்போ அப்படிச் சொன்னேன்? நீங்களுமா இப்படி?" என்று கேட்டிருக்கிறார். பல வருடங்களாக அந்த இடத்தில் இருந்த பத்தி வேறு. மாற்று வீடு ஏற்பாடாகும்வரை, லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டிலேயே குடியிருக்கலாம் என்பது தொழிற்சங்கத்தோடு நிர்வாகம் செய்துகொண்ட ஒப்பந்தம். அதை அப்படியே சேமித்தவர் கிராணியம்மா. "பொத்தான அழுத்துனா என் பத்திதான் வரும்னு நம்பி, படிக்காம அனுப்பிட்டேன். அது என் தப்பு, அத யார் தலையிலயும் போட மாட்டேன்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் தாழவில்லை.

மேனேஜரிடம் போயிருக்கிறார். தோட்டத்தில் அவரை இன்றும் துரை என்றுதான் அழைப்பார்கள். "பழைய கம்ப்யூட்டர் லா, எதையாவது குழப்பியிருக்கும். போன கடிதம் போனதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கி வைங்க" என்று முடித்துவிட்டார் துரை. நான் போனது செவ்வாய்க்கிழமை.

பொதுவாக இப்படிப்பட்ட கோளாறுக்குக் காரணம் சின்னதாக இருக்கும். மாற்றிய பத்தியைச் சேமிக்கவா என்று மென்பொருள் மூடும்போது கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிடுவார்கள். கிராணியம்மா அப்படிச் செய்கிறவர் இல்லை. பத்தியை நானே திருத்தி, அதே பெயரில் சேமித்து, மென்பொருளை மூடித் திறந்தேன். திருத்தியது அப்படியே இருந்தது. கணினியையே அணைத்துப் போட்டேன். வட்டமிட்ட பத்தி வந்துவிட்டது. பிறகு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி அதையே செய்தேன். இந்த முறை எங்கள் திருத்தம் அசையாமல் நின்றது. கேபிளைச் செருகி இன்னொரு முறை பார்த்தேன், போய்விட்டது. கிராணியம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "அப்போ வெளியிலருந்து வருது" என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார்.

அதுதான் நடந்திருந்தது. ரெடிமேட் பத்திகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தக் கோப்பின் பிரதி ஒன்று வந்து, இங்கே இருப்பதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது. வந்த பிரதியின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். கடைசியாக மாற்றியவரின் பெயர் இருந்தது. தலைமை அலுவலக அதிகாரி ஒருவரின் பெயர். மாற்றிய நாள், கடிதங்கள் போவதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு. கிராணியம்மா நாட்காட்டியைப் பார்த்தார். அந்த வாரம்தான் அந்த ஆறு பேரும் குடியிருந்த மேட்டு லயத்தை அளக்க ஆட்கள் வந்திருந்தார்கள், சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டப்போவதாகப் பேச்சு. "மெஷின் குழம்பலம்மா. யாரோ நல்லா யோசிச்சு எழுதியிருக்காங்க" என்றார்.

சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தலைமை அலுவலகப் பிரதி தொட முடியாத தனிக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, அவருடைய பத்திகளைப் புதிய பெயர்களில் அதில் சேமித்துக் கொடுத்தேன். என் வேலை அதோடு முடிந்தது. அவர் வேலை அப்போதுதான் ஆரம்பித்தது. ஒப்பந்தப்படி இருந்த பழைய பத்தியோடு ஆறு கடிதங்களை மறுபடி அடித்தார். ஒவ்வொன்றின் அடியிலும் தமிழில் இரண்டு வரி சேர்த்தார்: 'முன்பு வந்த கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். அதன் கடைசிப் பத்தி நீங்கள் சொன்னது அல்ல.' கீழே தன் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டார். தூறலில் மேட்டு லயத்துக்கு நடந்தே போய் ஒவ்வொரு வீட்டிலும் வாசித்துக் காட்டிக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். கடைசி வீட்டில் அந்த வாட்டும் பிரிவுக்காரர் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் எங்களை உள்ளே வரச் சொன்னார்.

மறுநாள் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கோபப்படவில்லை; டீ வரவழைத்தார். "நேத்து போன கடிதம் கம்ப்யூட்டர் கோளாறு, வைரஸ்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க மிஸ். கிராணியம்மாவுக்கும் பிரச்சினை வராது. நம்ம எஸ்டேட் மெஷின் எல்லாத்தையும் இனிமே நீங்களே பாத்துக்கலாம்" என்றார். முதல் கடிதம் நிற்க வேண்டும், இரண்டாவது கோளாறாக வேண்டும்! எனக்குப் புரிவதற்கே சற்று நேரமானது. கிராணியம்மாவுக்கு அந்த நேரமும் தேவைப்படவில்லை.

"கோளாறு இல்ல துரை. நான்தான் எழுதுனேன். அடியில என் பேரு இருக்கு பாருங்க. முதக் கடிதத்த எழுதுனவங்களும் அந்த மாதிரி பேரு போடட்டும், அப்புறம் எது கோளாறுன்னு பேசிக்கலாம்."

நான் அங்கேயே ரிப்போர்ட் எழுதினேன். எந்தக் கோப்பு, எங்கிருந்து வந்தது, யார் பெயரில், எந்த நாளில் மாற்றப்பட்டது, அவ்வளவுதான். இரண்டு பிரதி எழுதி ஒன்றைத் துரையின் மேசையிலும் மற்றொன்றைக் கிராணியம்மாவின் கையிலும் வைத்துவிட்டு வந்தேன். டீ ஆறிப்போயிருந்தது, இருவருமே தொடவில்லை.

கிராணியம்மா தன் பிரதியைத் தொழிற்சங்கத்திடம் கொடுத்தார். அவர்கள் அதைத் தொழிலாளர் இலாகாவுக்கு எடுத்துப் போனார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒற்றை வரி வந்தது: முந்தைய கடிதங்கள் ரத்து. காரணம் இல்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. இரண்டு மாதத்தில் கிராணியம்மாவை நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். அலுவலகத்தை நடத்தியவர் நெகிழிப் பைகளில் வளரும் தேயிலைக் கன்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டம் என்னை அதற்குப் பிறகு கூப்பிட்டதே இல்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறித் தோட்டக்காரர்களின் மெஷின்களைப் பார்த்துப் பிழைத்துக்கொண்டேன். 'சிஸ்டம் அப்படித்தான் போடுது' என்று இன்றைக்கு எந்தக் கவுண்டரில் யார் சொன்னாலும் நான் நகர்வதில்லை. சிஸ்டத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்பேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

போன மாதம் நாற்றங்காலுக்குப் போய் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது, விரல் இடுக்கில் செம்மண். ஆறு குடும்பங்களில் இரண்டு வேறு வீடு கிடைத்துப் போய்விட்டன, நாலு குடும்பம் இன்னும் மேட்டு லயத்தில்தான் என்றார். விடுதி வரவில்லை. எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: "உங்களுக்கு வருத்தமே இல்லையா அக்கா?"

"இல்லாம இருக்குமா? அந்த நாற்காலி எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். ஒரு கன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இடம் மாற்றி வைத்தார். "என்னை அதுலருந்து எழுப்பிட்டாங்க, சரி. அந்த ஆறு குடும்பத்துல ஒருத்தரக்கூட அவங்களால வீட்டவிட்டு எழுப்ப முடியலையே லா."