உடன் வந்தவர்

பய்யூமி மேடை ஏறியதற்குக் காரணம் இன்னொருவருக்கு வந்த காய்ச்சல். கெய்ரோவில் இமாதுத்தீன் தெருவில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையில் அவருக்கு உடைகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. லுத்ஃபி ஸர்ஹான் அப்போதே பெயர் பெற்ற நகைச்சுவை நடிகர். ஆனால் பக்கத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அவர் வாயில் ஒரு வரி வராது. எடுத்துக்கொடுப்பவர் அன்றைக்குப் படுத்துவிட்டார். மேலாளர் கண்ணில் பட்டது பய்யூமியின் முகம். யாரையோ அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்த மாதிரி நீள முகம். இஸ்திரிப்பெட்டியும் கையுமாக நின்றவரை அப்படியே மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். பயத்தில் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "உஸ்தாத், இந்தச் சட்டை யாருது?" என்று, வாத்தியாரைக் கூப்பிடுகிற மரியாதையோடு, நிஜமாகவே கேட்டுவிட்டார். லுத்ஃபி அவரை ஏற இறங்கப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "பய்யூமீ..." என்று இழுத்தார். கொட்டகை இடிந்து விழாத குறை.

அந்த இழுப்புதான் அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் இரண்டு குடும்பங்களுக்கும் சோறு போட்டது. பய்யூமி கேட்பார், லுத்ஃபி இழுப்பார், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டாக்சிக்காரன் அதைச் சொல்வான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வார்கள், வரிசையில் நின்று ரொட்டி வாங்கப் போனால் ரொட்டிக்காரன் சொல்வான். சுவரொட்டியில் லுத்ஃபி ஸர்ஹான் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே மூலையில் வெறும் பய்யூமி என்று போடுவார்கள். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எடுத்துக்கொடுப்பவனின் வேலை கேள்வியைச் சரியான நேரத்தில் போடுவது, சிரிப்பு எழும்பும்போது வெளிச்சத்தை விட்டு நகர்ந்துகொள்வது. இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மகள் நக்லாவின் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையின் சித்தப்பா நடுநாயகமாக நிற்கிறார். பெண்ணைப் பெற்றவர் ஓரத்தில் பாதி தோளோடு வெட்டுப்பட்டு நிற்கிறார். அவர் மனைவி இன்ஷிராஹ் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

தொலைக்காட்சி வந்து கூட்டம் குறைந்தது. கொட்டகையை விற்றார்கள், அந்த இடத்தில் செருப்புக் கடைகள் வந்தன. பய்யூமி மச்சானின் பொத்தான் கடையில் போய் உட்கார்ந்தார். லுத்ஃபிக்கு உட்கார முடியவில்லை. அவருக்கு இளவயதிலிருந்தே ஒரு கிறுக்கு உண்டு. இரண்டு காட்சிகளுக்கு நடுவே ஒப்பனை அறையில் மற்றவர்கள் சீட்டாடும்போது, மேற்குப் பாலைவனத்தைத் தேடிப் போன பழைய பயணிகளின் புத்தகங்களை இவர் படித்துக்கொண்டிருப்பார். யார் எந்தக் கிணற்றைக் கண்டார்கள், யார் எங்கே வழி தப்பிச் செத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஐம்பது தாண்டியபின் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து பொத்தான் கடை வாசலில் நிறுத்தினார். "ஏறு" என்றார். "எங்கே?" என்று கேட்டார் பய்யூமி. கேட்டது அவர் தொழில். கூடவே ஏறிக்கொண்டதும் தொழில்தான் என்று இன்ஷிராஹ் சொல்வாள்.

பயணத்தில் சமையல், டீ, டயர் கழற்றுவது, ராணுவக்காரர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்குவது எல்லாம் பய்யூமியின் பொறுப்பு. ஆனால் அவரை அழைத்துப் போனது அதற்காக இல்லை. சாயங்காலம் நெருப்பு மூட்டி உட்கார்ந்தால் பய்யூமி கேட்க வேண்டும். பழைய பயணப் புத்தகத்தில் வருகிற அந்த ஆங்கிலேய அதிகாரி ஏன் வடக்கே போகாமல் மேற்கே போனார்? தண்ணீர் தீர்ந்தது தெரிந்தும் ஏன் திரும்பவில்லை? கேட்கக் கேட்கத்தான் லுத்ஃபிக்குப் பேச்சு வரும், மறுநாள் காலையில் அது எழுத்தாகும். எழுதியது லுத்ஃபிதான், அதில் சந்தேகம் வேண்டாம். பய்யூமிக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. ஆனால் ஜெர்மன்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு லுத்ஃபி ஒருமுறை போய் வந்தபோது ஒரு பக்கம்கூட எழுதாமல்தான் திரும்பினார்.

முதல் இரண்டு பயணப் புத்தகங்களும் சக்கைப்போடு போட்டன. இரண்டிலும் பய்யூமி உண்டு. தேளுக்குப் பயந்து ஜீப்பின் கூரைமேல் ஏறிக்கொண்டு விடியும்வரை இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பய்யூமி, கானல் நீரைப் பார்த்துத் தொழுகைக்குக் கைகால் கழுவி உளு செய்யச் சட்டைக் கையைச் சுருட்டிய பய்யூமி. ஸய்யிதா ஜெய்னப் பேட்டையில் அவர் வழக்கமாகப் போகும் காப்பிக்கடையில் கடைக்காரன் ஹம்மூதா இந்த இடங்களை உரக்கப் படிப்பான், எல்லாரும் தொடையில் தட்டிக்கொள்வார்கள். கூரைமேல் முதலில் ஏறினது லுத்ஃபிதான், நான் அவருக்குக் கைகொடுத்துவிட்டு அப்புறம்தான் ஏறினேன் என்று பய்யூமி சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு எரிச்சலாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மூன்றாவது புத்தகம் வேறு மாதிரி. அதன் வித்து தாக்லா என்கிற பாலைவனச் சோலையில், ஒரு தூர்ந்த கிணற்றடியில் விழுந்தது. அந்த ஆங்கிலேய அதிகாரி உயிர் பிழைத்தது இந்தக் கிணற்றால்தான் என்று லுத்ஃபி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றைக் காட்டியது யார் என்று பய்யூமி கேட்டார். வழிகாட்டி என்றார் லுத்ஃபி. சரி, அவனுக்குப் பேர் கிடையாதா என்று கேட்டார் பய்யூமி. லுத்ஃபி வழக்கம்போல் இழுக்க வாயெடுத்தவர் பாதியில் நின்றுவிட்டார். அதற்கப்புறம் மூன்று குளிர்காலம் இருவரும் சோலை கிராமங்களில் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். யாருடைய பாட்டன் ஒட்டகம் ஓட்டினான், யாருடைய கொள்ளுப்பாட்டன் போனவன் திரும்பவே இல்லை என்று விசாரித்தார்கள். லுத்ஃபி கெய்ரோ நூலகங்களில் தூசு தின்று பழைய பதிவுகளைப் புரட்டினார். வழிகாட்டிகளையும் ஒட்டகக்காரர்களையும் பற்றிய வரலாறு அது. 'யாரும் பெயர் கேட்காதவர்கள்' என்று தலைப்பு வைத்தார்.

புத்தகம் வந்த அன்றைக்கே ஹம்மூதா ஒரு பிரதி வாங்கி வைத்துவிட்டான். பய்யூமி வரும் இடங்களைத் தேடினான். முன்னுரையில் நூலகக்காரருக்கு நன்றி, பேராசிரியருக்கு நன்றி, ஜீப்பைச் சரிசெய்த மெக்கானிக்குக்கும் பேரோடு நன்றி. பய்யூமியைக் காணோம். கிணற்றடிக் கட்டம் மட்டும் இருந்தது. 'என்னுடன் வந்தவர் ஒருவர் அப்போது ஒரு கேள்வி கேட்டார்' என்று இருந்தது. அவ்வளவுதான்.

"அப்போ நீ இந்தத் தடவை போகலையா மாமா?" என்று ஹம்மூதா கேட்டான்.

"போனேன்பா. மூணு வருஷமும் போனேன்."

"புத்தகத்துல இல்லையே."

அவன் வம்புக்குக் கேட்கவில்லை, அதுதான் வலித்தது. பக்கத்து மேசைக்காரர் ஒருவர், ஒருவேளை முதல் இரண்டு பயணமும்கூட லுத்ஃபியின் கற்பனையோ என்று ஆரம்பித்தார். நகைச்சுவைக்காக ஜோடியைச் சேர்த்துக்கொண்டிருப்பார், இந்த மனுஷன் பொத்தான் கடையை விட்டு எங்கே போயிருக்கப் போகிறார் என்றார். நாலு நாளில் காப்பிக்கடை முழுக்க அப்படித்தான் நம்பியது. தேள் கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் இப்போது அவரைப் பார்த்தால் பாவம் என்று பார்த்தார்கள். சிரிப்பே தேவலை என்று இருந்தது பய்யூமிக்கு. அவர் காலடி பட்ட மணல், அவர் குடித்த உப்புத் தண்ணீர், எல்லாவற்றையும் யாரோ அவரிடமிருந்து வழித்து எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

வீட்டில் இன்ஷிராஹ் மொச்சை அவித்துக்கொண்டே புத்தகத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நக்லா அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். ஊர் உலகத்துக்கெல்லாம் கேள்வி கேட்டீங்களே, அந்த மனுஷன்கிட்ட ஒரு நாளாவது உங்களுக்காகக் கேட்டீங்களா?"

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போக இருந்தது. அதற்கு முன்னால் லுத்ஃபிக்கு ஒரு மரியாதை நடந்தது. புவியியல் அறிஞர்கள் கூடுகிற ஒரு பழைய மண்டபத்தில் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். பய்யூமி அடக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, இன்ஷிராஹை அழைத்துக்கொண்டு போனார். அவளை உட்கார வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்தார். லுத்ஃபி கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு கோணலாகவே விழுந்துகொண்டிருந்தது. பய்யூமி தன்னையறியாமல் கிட்டப் போய் முடிச்சைச் சரிசெய்தார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"உஸ்தாத், ரெண்டாம் பதிப்புல என் பேரைப் போடணும்."

லுத்ஃபி கண்ணாடியை விட்டுத் திரும்பினார். அவர் பொய் சொல்லத் தெரிந்தவர்தான், ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை.

"போடலாம்னு ரெண்டு தடவை எழுதினேன் பய்யூமி. ரெண்டு தடவையும் அடிச்சேன். தண்ணியில்லாம செத்த ஒட்டகக்காரனைப் பத்தி எழுதியிருக்கேன். பக்கத்துல பய்யூமின்னு ஒரு வார்த்தை வந்தா படிக்கிறவன் சிரிச்சிருவான். உன் பேரு அப்படி. வெளியில உக்காந்திருக்கிறவங்க என்னைக் கோமாளின்னு நெனைச்சவங்க. இன்னைக்குத்தான் ஒரு ஆளா மதிச்சுக் கூப்பிட்டிருக்காங்க."

"அந்தப் பேரைச் சிரிப்பாக்கினது யாரு உஸ்தாத்? எங்கப்பா வைக்கும்போது அது சிரிப்பா இல்லையே."

லுத்ஃபி பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டி அழைத்தார்கள். அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனார். பய்யூமி போய் இன்ஷிராஹ் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததே போதும்.

லுத்ஃபி நன்றாகத்தான் பேசினார். கிணற்றைக் காட்டிய வழிகாட்டியைப் பற்றிய அத்தியாயத்தை வாசித்தார். அந்த அதிகாரி புத்தகம் முழுக்க 'என் வழிகாட்டி' என்றுதான் எழுதுகிறார், தம் உயிரைக் காப்பாற்றியவன் பேரைக் கேட்க அவருக்கு நேரமில்லை, ஆனால் தம் ஒட்டகத்தின் பேரை எழுத நேரம் இருந்திருக்கிறது என்று சொன்னார். முன்வரிசைப் பேராசிரியர்கள் தலையை ஆட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். பய்யூமி எழுந்து நின்றார். நிற்போம் என்று அவரே நினைக்கவில்லை.

"உஸ்தாத், ஒரு கேள்வி."

அந்தக் குரல் தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது. தலைகள் திரும்பின, அங்கங்கே உதடுகள் விரியத் தொடங்கின. மேடையில் லுத்ஃபியின் உடம்பு பழைய பழக்கத்தில் தானாக அரையடி முன்னால் வந்தது.

"உங்க புத்தகத்துல கிணத்தடியில ஒருத்தர் கேள்வி கேக்கறார். உடன் வந்தவர்னு போட்டிருக்கீங்க. அவர் பேரு என்ன?"

லுத்ஃபி நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. இழுக்காமல், ஏற்றி இறக்காமல், "பய்யூமி" என்றார்.

மண்டபம் சிரித்தது. பேராசிரியர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பழைய ஜோடி முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். லுத்ஃபியின் முகம் சுருங்கியது, தான் பயந்தது நடந்துவிட்டது என்று. பய்யூமி உட்கார வேண்டிய நேரம் இது. அவர் உட்காரவில்லை. சிரிப்பு ஓய்கிறவரை நின்றார்.

"முழுப் பேரு, உஸ்தாத்."

முழுப் பேர் என்றால் தன் பேர், தகப்பன் பேர், பாட்டன் பேர். ராணுவ அனுமதிச் சீட்டிலும் அப்படித்தான், இழவு அறிவிப்பிலும் அப்படித்தான். லுத்ஃபியின் புத்தகத்தில் இருக்கிற அத்தனை ஒட்டகக்காரர்களுக்கும் அப்படித்தான், அவரே தேடித் தேடிப் போட்டிருந்தார். "பய்யூமி..." என்று ஆரம்பித்தார். அடுத்தது வரவில்லை. இத்தனை வருஷத்தில் பய்யூமி வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பார், எத்தனை தடவை ஒரே போர்வையில் குளிரைத் தாங்கியிருப்பார். பய்யூமியின் தகப்பனார் பேர் அவருக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. அது அந்த நிமிஷம்தான் அவருக்கே தெரிந்தது, எல்லார் முன்னாலும்.

வரி மறந்துபோனால் லுத்ஃபியின் முகம் எப்படியாகும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் பய்யூமி. அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக்கொடுத்துக் காப்பாற்றி எத்தனையோ இரவுகளைக் கரை சேர்த்தவர். இப்போதும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். 

லுத்ஃபி காகிதங்களை மேசைமேல் வைத்தார். மேடையிலிருந்து படியிறங்கி, நடைவழியே வந்து, பய்யூமியின் எதிரே நின்றார். அவர் குரல் மேடைக் குரலாக இல்லை.

"உங்க அப்பா பேரு என்ன பய்யூமி?"

"அப்துல் ஜவாத்."

"அவங்க அப்பா?"

"ஷலபி. தன்தா பக்கம் பருத்தி வயல்ல கூலிக்குப் போனவர்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர், செத்தவர்கள் பேரைக் கேட்டால் சொல்கிற மாதிரி, அல்லாஹ் அவர்கள்மேல் இரக்கம் காட்டட்டும் என்று மெதுவாகச் சொன்னார். லுத்ஃபி அங்கேயே நின்றபடி, சோலை கிராமங்களில் வீடுவீடாகக் கேட்ட மாதிரியே, இன்னும் சில கேள்விகள் கேட்டார். பய்யூமி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.